காதுக்கல்லுக்கு எடை போனால்: விண்வெளிக் குமட்டல் எங்கிருந்து வருகிறது

அமெரிக்க விண்வெளி ஓடங்களின் பயணத் திட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஏவிய முதல் மூன்று நாட்களுக்குள் விண்நடை வைக்க மாட்டார்கள். காரணம் வாந்தி. பூமியில் வாந்தி கீழே விழுந்துவிடும். எடையில்லாத இடத்தில் அது உருண்டையாகத் திரண்டு, பட்ட இடத்தில் ஒட்டிக்கொள்ளும். விண்நடைத் தலைக்கவசத்துக்குள் கையை விட்டு முகத்தைத் துடைக்க வழியே இல்லை. மூக்கையும் வாயையும் மூடிக்கொண்ட வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போகலாம், உடுப்பின் காற்றோட்டத்தை அடைக்கலாம். காற்றறைக்குத் திரும்பி, அழுத்தம் ஏற்றி, கவசத்தைக் கழற்றும் வரை அந்த ஆள் தாங்க வேண்டும்.

இது பட்டறிந்து வந்த வழக்கம். 1969 மார்ச்சில் அப்பல்லோ 9 பயணத்தில் ரஸ்டி ஷ்வைக்கார்ட் நிலவு ஊர்தியிலிருந்து வெளியே வந்து தாய்க்கலத்துக்குக் கைப்பிடிகளைப் பற்றிக்கொண்டு போய்க் காட்ட வேண்டியிருந்தது. முந்தைய நாள் அவர் இரண்டு முறை வாந்தி எடுத்துவிட்டார். கடைசியில் ஊர்தியின் முகப்பிலேயே நின்று சுமார் 40 நிமிடத்தில் உள்ளே திரும்பினார். 1982 நவம்பரில் கொலம்பியா ஓடத்தின் ஐந்தாம் பயணத்தில் வில்லியம் லெனாருக்கு உடம்பு சரியில்லாமல் போய் விண்நடை ஒரு நாள் தள்ளிப்போனது. மறுநாள் இரண்டு உடுப்புகளிலும் கோளாறு வரவே அது நடக்கவே இல்லை. அந்தப் பயணத்தின் கதை அப்படி.

எத்தனை பேருக்கு இது வருகிறது? ஓடங்களில் முதல்முறை பறந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேருக்கு. இவர்களில் பலர் போர் விமானத்தைத் தலைகீழாக ஓட்டிப் பழகியவர்கள். பஸ்ஸில் ஜன்னலோரம் தேடுகிறவருக்கு விண்வெளியில் ஒன்றும் ஆகாமல் போகலாம். புயலில் கப்பலேறிச் சோறு தின்கிறவர் அங்கே பையும் கையுமாக இருக்கலாம். தரையில் நடத்தும் எந்தச் சோதனையும் யாருக்கு வரும் என்று நம்பகமாகச் சொன்னதில்லை.

ஏன் சொல்ல முடிவதில்லை என்பது புரிய, காதின் உள்ளே போக வேண்டும்.

உட்செவியில், கேட்பதற்கான நத்தைக்கூட்டுக்குப் பக்கத்தில், சமநிலைக்கென்று இரண்டு வகைக் கருவிகள் உள்ளன. ஒன்று அரைவட்டக் குழல்கள். ஒவ்வொரு காதிலும் மூன்று, ஒன்றுக்கொன்று ஏறத்தாழ செங்குத்தாக, ஒரு அறையின் மூலையில் இரண்டு சுவரும் தரையும் சந்திப்பதுபோல. வளைவின் ஆரம் 3 மில்லிமீட்டர் சொச்சம், உள்ளே ஓடும் குழாயின் விட்டம் அதில் பத்தில் ஒரு பங்குதான். குழாயில் திரவம். தலை திரும்பும்போது குழாய் கூடவே திரும்பும், திரவம் சற்றுப் பின்தங்கும். பின்தங்கிய திரவம் குழாயின் அடிவாரத்தில் குறுக்கே நிற்கும் ஜவ்வுத் திரையைத் தள்ளும். திரைக்குள் புதைந்த மயிர்ச்செல்கள் வளையும், நரம்பில் சமிக்ஞை போகும். இந்தத் திரையின் அடர்த்தியும் திரவத்தின் அடர்த்தியும் ஒன்றே. அதனால் ஈர்ப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் குழல்களுக்குக் கவலையில்லை. சுழற்சியை மட்டுமே அவை அளக்கும். (சாராயம் குடித்துப் படுத்தவுடன் கட்டில் சுழல்வது இந்த அடர்த்திச் சமன் கெடுவதால்தான். ஆல்கஹால் திரையில் முதலில் ஊறி அதை லேசாக்கிவிடுகிறது.)

இரண்டாவது கருவி கல் மெத்தை. ஒவ்வொரு காதிலும் இரண்டு பைகள். தலை நிமிர்ந்திருக்கும்போது ஒன்றின் மெத்தை ஏறக்குறையக் கிடைமட்டமாகவும் மற்றொன்று செங்குத்தாகவும் இருக்கும். மெத்தை என்பது ஜெல்லி. அதன்மேல் கால்சியம் கார்பனேட் படிகங்கள், ஒவ்வொன்றும் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவில், மணல் தூவியதுபோல் அப்பியிருக்கும். இவைதான் காதுக்கற்கள். சுற்றியிருக்கும் திரவத்தைவிட 2.7 மடங்கு கனமானவை. தலையைச் சாய்த்தால் கல் சரியும், ஜெல்லி இழுபடும், அடியிலுள்ள மயிர்ச்செல் வளையும். வண்டி சட்டென்று கிளம்பினாலும் கல் பின்தங்கி அதே மயிர்ச்செல்தான் வளையும்.

இங்கேதான் சிக்கலின் வேர். சாய்ந்ததால் கல் நகர்ந்ததா, வண்டி வேகமெடுத்ததால் நகர்ந்ததா என்று கல்லால் பிரித்துச் சொல்ல முடியாது. ஐன்ஸ்டீன் ஈர்ப்பும் முடுக்கமும் ஒன்றே என்று சொன்னது காதுக்குள்ளும் செல்லும். மேகத்துக்குள் வேகமெடுக்கும் விமானியின் காதுக்கல் பின்னுக்குச் சரிய, மூக்கு மேலே தூக்கிவிட்டது என்று அவருக்குத் தோன்றும். அதை நம்பி மூக்கைக் கீழே அழுத்தி நிலத்தில் மோதிய விமானங்கள் உண்டு. எனவே மூளை கல்லை மட்டும் நம்புவதில்லை. குழல் என்ன சொல்கிறது, கண் என்ன காண்கிறது, கழுத்துத் தசை எவ்வளவு இழுபட்டது, பாதத்தில் எவ்வளவு அழுத்தம் என்று எல்லாவற்றையும் கூட்டி ஒரு கணக்குப் போடுகிறது. அந்தக் கணக்கின் அடிப்படை அனுமானம் ஒன்று உண்டு. கீழே என்று ஒரு திசை எப்போதும் இருக்கிறது என்பதே அது.

400 கிலோமீட்டர் உயரத்தில் ஈர்ப்பு ஒன்றும் போய்விடவில்லை. தரையில் இருப்பதில் 89 சதவீதம் அங்கேயும் இருக்கிறது. ஆனால் விண்கலமும் ஆளும் காதுக்கல்லும் ஜெல்லியும் எல்லாமே ஒரே வேகத்தில் பூமியை நோக்கி விழுந்துகொண்டே சுற்றுகின்றன. ஒன்றாக விழுகிறவற்றில் எது எதன்மேல் அமுங்கும்? கல்லுக்கு நிறை இருக்கிறது, எடை இல்லை. தலையை எப்படிச் சாய்த்தாலும் அது சரியாது.

இப்போது விண்வெளி வீரர் கீழே கிடக்கும் பேனாவைப் பார்க்கத் தலையைக் குனிகிறார் என்று வைத்துக்கொள்வோம். இரு காதின் குழல்களும் "குனிந்தது" என்கின்றன. கழுத்தும் ஆமென்கிறது. கல் அசையவில்லை. இத்தனை வருடம் குனிந்தபோதெல்லாம் சரிந்த கல் இப்போது சரியவில்லை. காதில் எதுவும் கெடவில்லை. குழல் சொல்வதும் உண்மை, கல் சொல்வதும் உண்மை. பழையது மூளையின் கணக்குத்தான். 1970களில் பிரிட்டிஷ் உளவியலாளர் ஜேம்ஸ் ரீசன் இதைத் தெளிவாகச் சொன்னார். குமட்டலைக் கிளப்புவது புலன்கள் தமக்குள் முரண்படுவது மட்டுமல்ல, வரும் என்று மூளை எதிர்பார்த்த சமிக்ஞைக்கும் வந்து சேர்ந்ததற்கும் உள்ள பொருத்தமின்மை. பழகப் பழக எதிர்பார்ப்பு மாறும், குமட்டல் அடங்கும். விண்வெளியில் அது இரண்டு மூன்று நாளில் அடங்குவது இந்தக் கருத்தோடு நன்றாகவே பொருந்துகிறது.

இன்னொரு பொருத்தமும் உண்டு. பூமியில் நிமிர்ந்து நின்று தலையை இடவலமாகத் திருப்பினால் கல் ஈர்ப்பினால் சரிவதில்லை. ஆகவே விண்வெளியிலும் அந்த அசைவு மூளைக்குப் புதிதாக இருக்கக் கூடாது. குனிவதும் நிமிர்வதும் தோளில் சாய்ப்பதும்தான் தொந்தரவு தர வேண்டும். 1983 நவம்பர் இறுதியில் கிளம்பிய ஸ்பேஸ்லேப் 1 பயணத்தில் வீரர்களின் தலையில் முடுக்கமானி பொருத்தி, எப்போது தலை எப்படி அசைந்தது, எப்போது குமட்டியது என்று பதிவு செய்தார்கள். குனிந்து நிமிரும் அசைவே மிக மோசம், இடவலத் திருப்பம்தான் லேசு என்று வந்தது. இன்றும் புதியவர்களுக்குச் சொல்லப்படும் அறிவுரை இதுதான்: திரும்ப வேண்டுமானால் தலையை மட்டும் ஆட்டாதே, உடம்போடு சேர்த்து மெதுவாகத் திரும்பு.

அதே பயணத்தில் வேறொரு சோதனை பாடப்புத்தகத்தையே அசைத்தது. காதுக்குள் வெந்நீரோ குளிர்நீரோ விட்டால் கண்மணி தானாகத் துடிக்கும். காது மருத்துவர்கள் இன்றும் செய்யும் சோதனை இது. குழலிலுள்ள திரவம் சூடாகி மேலேறி ஓடுவதால்தான் என்று ராபர்ட் பாரானி விளக்கினார், 1914ஆம் ஆண்டின் நோபல் பரிசு பெற்றவர். எடையில்லாத இடத்தில் சூடான திரவம் மேலேற முடியாது, மேல் என்பதே இல்லையே. எனவே கண் துடிக்கக் கூடாது. விண்வெளியில் வீரர்களின் காதுக்குள் சூட்டையும் குளிரையும் செலுத்திப் பார்த்தார்கள். கண் துடித்தது. பாரானி சொன்னது தப்பு என்பதைவிட, அது மட்டுமே காரணமல்ல என்று கொள்வது சரி. சூட்டில் திரவம் விரிவதும் நரம்பிலேயே சூடு படுவதும் சேர்ந்திருக்கலாம் என்கிறார்கள்.

காதுதான் குற்றவாளி என்பதற்கு ஆகப் பலமான சாட்சி காது வேலை செய்யாதவர்களிடமிருந்தே வந்தது. 1958 முதல் சுமார் பத்தாண்டுகள் அமெரிக்கக் கடற்படையின் ஃப்ளோரிடா பென்சகோலா மையத்தில், காது கேளாதோருக்கான காலடெட் கல்லூரியைச் சேர்ந்த பதினோரு பேரை வைத்து ஆய்வு நடந்தது. ஒருவரைத் தவிர மற்றவர்களுக்குச் சிறு வயதில் மூளைக்காய்ச்சல் வந்து உட்செவி அழிந்திருந்தது. கேட்கும் திறனோடு சமநிலைக் கருவியும் போயிருந்தது. நால்வர் சுழலும் அறையில் பன்னிரண்டு நாள் இருந்தார்கள், இன்னொரு சோதனையில் எடையின்மைப் பறப்பு விமானத்தில் பறந்தார்கள். குமட்டல் இல்லை. நோவா ஸ்கோஷியா கடலில் கொந்தளிப்பான பயணத்தில் இவர்கள் சீட்டு விளையாடிக்கொண்டிருக்க, ஆய்வாளர்கள்தான் படுத்த படுக்கையானார்கள்.

கண்ணுக்கும் பங்கு உண்டு, அதுவும் கெட்டிக்காரத்தனமான பங்கு. கைப்பேசியை இடவலமாக வேகமாக ஆட்டிக்கொண்டு படித்துப் பாருங்கள், எழுத்து கலங்கும். கைப்பேசியை அசையாமல் வைத்துத் தலையை அதே வேகத்தில் ஆட்டிப் படியுங்கள், எழுத்து நிற்கும். உட்செவி நூறில் ஒரு வினாடிக்குள் கண்ணை எதிர்த்திசையில் திருப்பிவிடுவதால்தான் இது நடக்கிறது. எடையின்மையில் குழல்வழி நடக்கும் இந்த வேலை பெரிதும் கெடுவதில்லை. கெடுவது "எது தரை" என்கிற தீர்ப்பு. கல் எதுவும் சொல்லாததால் மூளை அந்தப் பொறுப்பைக் கண்ணிடம் விடுகிறது. எதிரே ஒருவர் தலைகீழாக மிதந்து வந்தால், சட்டென்று அவர் நேராகவும் தான் தலைகீழாகவும் ஆகிவிட்டதுபோல் தோன்றும். சுவரென்று நினைத்தது ஒரு நொடியில் கூரையாகும். அசையாமல் இருந்தபடியே ஒருவருக்கு இந்த மாற்றம் நேர்ந்து வாந்தி வரலாம். ஜன்னலில் பூமி கீழே இருக்கும் என்று நினைத்துத் திரும்பினால் அது தலைக்குமேல் தொங்கும். அதுவும் ஒரு தூண்டல். எந்திரம் நின்று எடை போன கணத்திலேயே உடம்பு தலைகீழானதுபோல் சிலருக்குத் தோன்றும். 1961 ஆகஸ்ட் 6 அன்று வோஸ்டோக் 2இல் கிளம்பிய கெர்மான் தீத்தோவ் அதை முதலில் சொன்னவர். ஒரு நாளுக்கு மேல் சுற்றிய முதல் மனிதரும், விண்வெளியில் வாந்தி எடுத்த முதல் மனிதரும் அவரே.

ககாரினுக்கு 108 நிமிடத்தில் ஒன்றும் ஆகவில்லை. மெர்க்குரி, ஜெமினி கலங்களில் பறந்தவர்களும் எதுவும் சொல்லவில்லை. அந்தக் கலங்கள் அவ்வளவு குறுகல், வார்ப்பட்டியில் கட்டிய ஆள் தலையாட்டவே இடமில்லை. அப்பல்லோவில் எழுந்து மிதக்க இடம் கிடைத்ததும் வாந்தியும் வந்தது. 1968 டிசம்பரில் நிலவுக்குப் போன அப்பல்லோ 8இன் தலைவர் ஃப்ராங்க் போர்மன் அதில் முதல் ஆள். ஆனால் பழைய எண்ணிக்கைகளை முழுதாக நம்பவும் வேண்டியதில்லை. வாந்தி எடுத்தேன் என்று ஒப்புக்கொண்டால் அடுத்த பயணம் கிடைக்குமா என்ற பயம் வீரர்களுக்கு இருந்தது. 1973 நவம்பரில் ஸ்கைலேப் விண்நிலையத்துக்குப் போன மூவரில் வில்லியம் போக் வாந்தி எடுத்தார். அதைத் தரையிடம் சொல்லாமல் விடலாமா என்று உள்ளே பேசிக்கொண்டது ஒலிப்பதிவுக் கருவியில் பதிவாகி, தரைக்குப் போய், விண்வெளி வீரர்களின் தலைவர் அலன் ஷெப்பர்டிடம் கண்டிப்பு வாங்கினார்கள். 1985 ஏப்ரலில் பறந்த அமெரிக்க செனட்டர் ஜேக் கார்ன் மிக மோசமாகப் பாதிக்கப்பட்டார். அதன்பின் நாசாக்காரர்கள் குமட்டலை "கார்ன்" என்ற அலகில் அளப்பதாக வேடிக்கையாகச் சொல்வதுண்டு. ஒரு கார்ன்தான் உச்சம்.

புலன் குழம்பினால் வயிறு ஏன் காலியாக வேண்டும்? 1977இல் மிஷெல் டிரீஸ்மன் முன்வைத்த விளக்கம் நச்சைப் பற்றியது. காட்டில் கண்டதைத் தின்ற விலங்குக்கு விஷம் ஏறும்போது முதலில் குழம்புவது கண்ணும் காதும் சொல்வதன் ஒத்திசைவுதான். அந்தக் குழப்பத்தை மூளை விஷத்தின் அறிகுறியாக எடுத்து வயிற்றைக் காலி செய்கிறது என்றார் அவர். 1983இல் உட்செவி நீக்கிய நாய்களுக்குச் சில நச்சுகளைக் கொடுத்தபோது அவை வாந்தி எடுப்பது குறைந்திருந்தது. நிரூபணம் என்று சொல்லிவிட முடியாது, ஆனால் வேறு விளக்கம் எதற்கும் இந்த அளவு துணை கிடைக்கவில்லை. கால்களிலிருந்து ரத்தமும் நீரும் தலைக்கு ஏறி முகம் உப்புவதுதான் காரணம் என்று ஒரு கட்சி இருந்தது. தலைப்பக்கம் தாழ்ந்த கட்டிலில் வாரக்கணக்கில் படுக்கவைத்தாலும் முகம் உப்புகிறதே தவிர இந்த வாந்தி வருவதில்லை. அந்தக் கட்சி இப்போது மெலிந்துவிட்டது.

விண்வெளி வாந்தி பஸ் வாந்தி மாதிரி வருவதில்லை. பஸ்ஸில் எச்சில் ஊறும், வியர்க்கும், முகம் வெளிறும், பிறகுதான் வரும். அங்கே தலைபாரம், சோர்வு, எதிலும் நாட்டமின்மை இருக்கும். வாந்தி பல நேரம் முன்னறிவிப்பின்றி வந்து, உடனே லேசாகிவிடும். எனவே பை கை எட்டும் தூரத்தில் திறந்த நிலையில் இருக்க வேண்டும். முகத்தைச் சுற்றி இடைவெளியில்லாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். முடிந்தபின் துடைத்த துணியையும் உள்ளே போட்டு வாயை உடனே மூடி இறுக்க வேண்டும். தாமதித்தால் அறைக் காற்றில் மிதப்பதை எல்லாரும் சேர்ந்து துரத்த வேண்டியிருக்கும்.

இதோடு குடலின் அசைவும் ஏறக்குறைய நின்றுவிடும். வயிற்றில் ஸ்டெதஸ்கோப் வைத்தால் சத்தமே இருக்காது. மருந்து விஷயத்தில் எல்லாக் குழப்பமும் இதிலிருந்துதான் வந்தது. தொடக்க ஓடப் பயணங்களில் 0.4 மில்லிகிராம் ஸ்கோபாலமினும் 5 மில்லிகிராம் டெக்ஸ்ட்ரோஆம்ஃபெட்டமினும் சேர்ந்த மாத்திரை கொடுத்தார்கள். முதலாவது ஊமத்தையிலும் இருக்கும் சரக்கு. அது தரும் தூக்கத்தை விரட்ட இரண்டாவது. மாத்திரை அசையாத வயிற்றிலேயே கிடந்தது, அல்லது வாந்தியோடு வெளியே வந்தது. 1989 மார்ச்சில் மருத்துவரான ஜேம்ஸ் பேகியன் தம்மோடு பறந்தவருக்கு ப்ரோமெத்தஸினைத் தசையில் ஊசியாகப் போட்டுப் பார்த்தார். அதிலிருந்து 25 முதல் 50 மில்லிகிராம் ஊசியே முதல் மருந்தானது. நம் ஊர் மருந்துக்கடையில் ஊட்டி பஸ்ஸுக்கு முன் வாங்கும் அவோமின் மாத்திரையும் ப்ரோமெத்தஸின்தான், உப்பு மட்டும் வேறு. தரையில் இந்த ஊசி போட்டால் பாதிக்கு மேற்பட்டோர் தூங்கி விழுவார்கள். விண்வெளியில் தூக்கம் வந்ததாகச் சொன்னவர்கள் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. முதல் நாளின் பரபரப்பு அதை அமுக்குகிறது போலும். எதற்கும் பெரும்பாலும் படுக்கைக்குப் போகும் நேரத்தில்தான் போடுகிறார்கள்.

ஊசி மூளையின் கணக்கைத் திருத்தாது, வயிற்றை அமைதிப்படுத்தி அந்தத் திருத்தத்துக்கு நேரம் வாங்கித் தரும். திருத்தம் நடக்கத் தலை கொஞ்சமாவது அசைய வேண்டும். முதல் இரண்டு நாளும் சிலைபோல் இருந்தால் குமட்டல் தள்ளிப்போகும், ஒழியாது. குமட்டல் தொடங்கும் எல்லைக்குச் சற்று முன்வரை அசைத்து, நிறுத்தி, மறுபடி அசைப்பதே நல்ல வழி. முதல் நாளில் எல்லாரும் ஒரே "மேல்" பார்த்து இருப்பது, முதுகையோ பாதத்தையோ சுவரில் அழுத்தி உடம்புக்கு ஒரு தரை காட்டுவது, கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுவது எல்லாம் உதவும். சுழல் நாற்காலியில் உட்கார்ந்து தலையாட்டும் ரஷ்யப் பயிற்சி சகிப்பை வளர்க்கிறது, ஆனால் சுழல் நாற்காலிக்கான சகிப்பை. விமானம் மேலேறி இறங்கி 20 வினாடிச் சொச்சம் எடையின்மை தரும் பறப்புக்கும் இதே குறை. அதில் ஒவ்வொரு முறையும் முன்னும் பின்னும் 1.8 மடங்கு எடை அழுத்துகிறது. அந்த ஏற்ற இறக்கத்தில் வரும் வாந்தி வேறு வகை.

மூன்றாம் நாள் கணக்கு திருத்தப்பட்டுவிடுகிறது. கல் நகர்ந்தால் அது சாய்வல்ல, நகர்வு மட்டுமே என்று மூளை முடிவுகட்டிவிடும் என்பது ஒரு வலுவான கருதுகோள். தரை திரும்பும்போது அதுவே வினையாகிறது. வளிமண்டலத்தில் எடை ஏறியதும் கல் மறுபடி சரியத் தொடங்கும். லேசாகத் தலை சாய்த்தாலே கலம் பக்கவாட்டில் ஓடுவதுபோல் தோன்றும். இடையில் காதும் கூர்மையாகியிருக்கும். 1998இல் நியூரோலேப் பயணத்தில் சென்ற தேரை மீன்களின் காதுக்கல் நரம்பு, இறங்கிய முதல் நாளில் சராசரியாக மூன்று மடங்கு வலுவாகப் பேசியது, சுமார் 30 மணி நேரத்தில்தான் பழைய நிலைக்கு வந்தது. மாதக்கணக்கில் இருந்துவிட்டு வருபவர்கள் காலை அகட்டி நடப்பார்கள், மூலை திரும்பும்போது சுவரில் இடிப்பார்கள். கொஞ்ச நாள் வண்டி ஓட்ட விடுவதில்லை. இன்னொரு சிக்கலும் உண்டு. இறங்குவதற்கு முன் மயக்கம் வராமலிருக்க ஏறக்குறைய ஒரு லிட்டர் உப்புநீர் குடிக்க வேண்டும். குமட்டுகிறவரால் அதைக் குடிக்க முடியாது, குடித்தாலும் நிற்காது.

2025 ஜூன் 25இல் பறந்த சுபான்ஷு சுக்லா, எடையின்மைக்குள் போனதும் உடம்பு நன்றாக இல்லை என்றும் நிறையத் தூங்கியதாகவும் சர்வதேச விண்நிலையத்துக்குப் போகும் வழியில் கலத்திலிருந்து பேசியபோது சொன்னார். அவருக்கு நிலையத்தில் பழக இரண்டு வாரத்துக்கு மேல் கிடைத்தது. ககன்யான் திட்டத்தில் மூவர் 400 கிலோமீட்டர் உயரத்தில் மூன்று நாள் மட்டும் இருந்து திரும்புவதாக ஏற்பாடு. அதாவது குமட்டலின் முழுக் காலமும் பயணத்தின் முழுக் காலமும் ஒன்றே. பழகி முடியும் நேரத்தில் இறங்க வேண்டும். இறங்குவதும் கடலில். காதுக்கல் எடையை மீண்டும் கற்றுக்கொள்ளும் அதே நிமிடங்களில் கலம் அலையில் ஆடிக்கொண்டிருக்கும், வார்ப்பட்டியைக் கழற்ற மீட்புப் படகு வரவேண்டும். ஊசியும் பையும் போகும்போது வைத்திருந்த இடத்திலேயே, இருக்கையில் கட்டியபடி கை எட்டும் இடத்தில், திரும்பும்போதும் இருக்க வேண்டும்.